புகை விடாத வண்டி

இருபத்திமூன்று வருஷம் அடுத்தவர்களின் லாரியை ஓட்டிய பிறகு, தொண்ணூற்றாறாம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பவுல்சாமி சொந்தமாக ஒரு புது லாரி வாங்கினார். லஸ் பிரகாச மாதா கோயில் வாசலில் ஃபாதர் அதை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். முன் நெற்றியில் மஞ்சள் பெயின்ட்டில் மனைவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார் பவுல்சாமி. 'ஆனி' என்ற இரண்டே எழுத்துக்கு இத்தனை பெரிய லாரி எதற்கு என்று ஆனி வெட்கப்பட்டுக்கொண்டாள்.

வண்டிக்குப் பதினெட்டு மாத வாரன்ட்டி இருந்தது. அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு புஸ்தகம் கொடுத்திருந்தார்கள். பவுல்சாமி அதைப் படிக்கவில்லை; பிளாஸ்டிக் உறையில் போட்டு பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். வண்டியை அவரும் திருவல்லிக்கேணி அக்பர் பாஷாவும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வால்டாக்ஸ் ரோடு பார்சல் ஷெட்டில் லோடு ஏற்றி தி.நகர் ஜவுளிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் போடுவது தொழில். அக்பர் பாஷா முன்பு மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் வலி என்று சொல்லக்கூடியவர்.

அந்த ஜூன் மாதம் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது மந்தைவெளியில் பவுல்சாமியின் தெருவில் ஆட்டோ வரவில்லை, கார் வரவில்லை. உயரமான சக்கரத்தோடு 'ஆனி' மட்டும் வந்தது. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணையும், சர்க்கரை வியாதிக்காரர் இரண்டு பேரையும் பவுல்சாமி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தெருவில் அவருக்கு அதிலிருந்து தனி மரியாதை.

ஆனிக்கு வீசிங் இருந்தது. கான்வென்ட்டில் தையல் டீச்சராக இருந்தவள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடிவந்த பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்து, மாடிப்படி ஏற முடியாமல், வேலையை விட்டாள். கோயில் பாடற்குழுவில் பாடுவதையும் விட்டாள். புகைதான் காரணம், ஊர் மாறுங்கள் என்றார் டாக்டர். ஊர் மாறினாலும் பவுல்சாமியின் சட்டையில் ஏறிய டீசல் வாசனை கூடவேதான் வரும். அவர் வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் உட்காருவார்.

இந்த நிலைமையில்தான் தாவர எரிபொருள் ஊக்குவிப்பு வாரியம் அவர் வாழ்க்கையில் நுழைந்தது.

வாரியம் அடையாறில் ஒரு பெரிய பழைய பங்களாவில் நாலு வருஷமாக இயங்கிவந்தது. நாற்பத்திரண்டு ஊழியர்கள். எட்டு நீல பேரல்கள். இயக்குநருக்கு ஒரு கார். அது பெட்ரோலில் ஓடியது. டீசலில் இருபது சதவீதம் புங்கெண்ணெயைக் கலந்து லாரிகளில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் வாரியத்தின் லட்சியம். அதற்குப் புத்தம் புதிய லாரிகள் தேவைப்பட்டன. வாரியத்திடம் லாரி கிடையாது. எனவே பொதுமக்களின் தேசபக்தியை நாடினார்கள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் துவக்க விழா நடந்தது. குத்துவிளக்கில் புங்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று இயக்குநர் ஸ்ரீரங்கன் பிடிவாதம் பிடித்தார். திரி மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை ஓர் ஊழியர் துண்டால் மறைத்துக்கொண்டு நல்லெண்ணெய் ஊற்றினார். விளக்கு பிரகாசமாக எரிந்தது. புங்கெண்ணெயின் முதல் வெற்றி என்று மைக்கில் அறிவித்தார்கள்.

ஸ்ரீரங்கன் ஒரு மணி நேரம் பேசினார். மயிலாப்பூர்க்காரர், தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், எஞ்சினைத் திறந்து பார்த்ததில்லை.

"நம்ம ரோடு ஓரத்துல புங்க மரம் நிக்கறது. அதுக்குக் கீழ லாரி புகை விட்டுண்டு போறது. அந்த மரத்தோட எண்ணெய வண்டிக்குள்ள விட்டா அப்புறம் புகை எங்கேர்ந்து வரும்? மரம் புகை விட்டு யாராவது பாத்திருக்கேளா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. கை தட்டினார்கள்.

பவுல்சாமி எழுந்து நின்று, வண்டிக்கு ஏதாவது ஆனால் வாரன்ட்டி செல்லுமா என்று பணிவாகக் கேட்டார். ஸ்ரீரங்கன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் சிரித்தார்.

"வாரன்ட்டிங்கறது என்ன? தன் வண்டி மேல நம்பிக்கை இல்லாத கம்பெனி எழுதிக் குடுக்கற காகிதம். எங்க எண்ணெய் மேல எங்களுக்குப் பூரண நம்பிக்கை இருக்கு. அதனாலதான் நாங்க எதையுமே எழுதிக் குடுக்கறதில்ல."

மறுபடியும் பலத்த கைதட்டல். வெளியே வந்ததும் அக்பர் பாஷா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நைனா, அவரு இன்னா சொன்னாருன்னு புரிஞ்சுதா? எழுதித் தரமாட்டேன்னு சொல்லிக்கினு கீறாரு. அதுக்குப் போயி எல்லாரும் கை தட்றானுங்க" என்றார்.

பவுல்சாமிக்கும் அது புரிந்துதான் இருந்தது. "ஆனிக்கு மூச்சு வாங்குது பாய்" என்று மட்டும் சொன்னார். அக்பர் பாஷா பீடியைக் கீழே போட்டு அணைத்தார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வாரியத்து வளாகத்துக்குப் போய் பேரலிலிருந்து எண்ணெய் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. பதினாலு கட்டம் போட்ட ஒரு ரிஜிஸ்டரில் பவுல்சாமி கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பதாவது கட்டம் புகையின் நிறம். பத்தாவது, புகையைக் கண்ட பொதுமக்களின் மனநிலை. பின்னால் வருகிறவர்களின் மனநிலை முன்னால் போகிற டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, 'மகிழ்ச்சி' என்றே எழுதிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று கிளார்க் வழிகாட்டினார்.

ஆனால் ஒரு விஷயம் உண்மை. முதல் வாரத்தில் ஆனி தெருமுனைக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்னால் போய் நின்று பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், மெதுவாக அதை எடுத்தாள்.

"தொண்ட எரியலங்க. கோயில்ல வெளக்க அணைச்சா ஒரு வாசன வருமே, அந்த மாரி கீது."

அந்த மாதம் அவளுக்கு இழுப்பு குறைந்தது. ஆயிரம் பஸ்கள் ஓடும் ஊரில் ஒரு லாரியின் புகை மாறியதால் அப்படி ஆனது என்று எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார். பவுல்சாமி டாக்டரைக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகப் பாடாமல் இருந்த ஆனி அந்தத் தபசு காலத்து ஞாயிறு பூசையில் பாடற்குழுவோடு சேர்ந்து பாடினாள். ஆண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவுல்சாமி அத்தனை குரலுக்கு நடுவில் அவள் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டரின் பத்தாவது கட்டத்தில் அடுத்த நாள் அவர் எழுதிய 'மகிழ்ச்சி' பொய்யல்ல.

நாற்பத்தொன்பதாவது நாள், அடையாறில் ஒரு கடைக்குப் பாத்திர லோடோடு போகும்போது திரு.வி.க. பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

அக்பர் பாஷா ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, அல்வா பதத்தில் ஏதோ இருந்தது. ரப்பர் குழாய்கள் ஊறி உப்பியிருந்தன. பம்ப் இறுகிப்போயிருந்தது. அவர் விரலில் கொஞ்சம் எடுத்து பவுல்சாமியிடம் காட்டினார்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் மேனேஜர் கிரீஷ் என்ற இளைஞன். நல்ல பையன். உட்காரவைத்து, டீ வரவழைத்து, வாரன்ட்டி புஸ்தகத்தில் பதினாலாம் பக்கத்தைத் திறந்து தமிழில் சொன்னான். டீசலைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் வாரன்ட்டி அன்றோடு செத்துவிடும். ஊற்றியது டீசல்தான் என்று வாரியம் எழுதிக் கொடுத்தால் எஞ்சினைச் சும்மாவே மாற்றித் தருகிறேன் என்றான்.

பவுல்சாமி அடையாறுக்குப் போனார். ஸ்ரீரங்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. டீசலைவிட உயர்ந்த ஒரு பொருளை டீசல் என்று எழுதச் சொல்வது விஞ்ஞானத்தை அவமானப்படுத்துவது என்றார்.

அப்படியானால் உங்கள் எண்ணெயால்தான் வண்டி கெட்டது என்று எழுதிக் கொடுங்கள், இழப்பீடாவது கேட்கிறேன் என்றார் பவுல்சாமி. அதற்கும் வழியில்லை. திட்டத்தைத் துவக்கும் அரசாணையில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. கோப்பின்படி திட்டம் தொடங்கவே இல்லை. தொடங்காத திட்டத்தின் எண்ணெய் யாருடைய வண்டியிலும் ஏறியிருக்க முடியாது.

பவுல்சாமி இதைக் கிரீஷிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. அந்த எண்ணெய் உங்கள் வண்டியில் ஏறவே இல்லை என்று வாரியமே சொல்கிறதே, அதை ஒரு லெட்டராக வாங்கி வந்தால் வாரன்ட்டி பிழைத்துவிடும் என்றான். பவுல்சாமி அன்றே அடையாறுக்குத் திரும்பி ஓடினார்.

ஸ்ரீரங்கன் ரிஜிஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பத்தொன்பது நாள், நாற்பத்தொன்பது கையெழுத்து. "இதைத்தான் நாங்க டெல்லிக்கு அனுப்பியிருக்கோம், மிஸ்டர் பவுல்சாமி. எண்ணெய் போடலைன்னு நான் எப்படி எழுத முடியும்? டெல்லிக்கு நீங்க போட்டிருக்கேள். உங்களுக்குத்தான் போடலை."

பவுல்சாமி அந்த வாக்கியத்தை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மந்தைவெளி வந்தும் அது பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு ஆனி மனு எழுத ஆரம்பித்தாள். மாதம் ஒன்று. அழகான கையெழுத்து அவளுக்கு. மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது: 'தங்கள் மனுவின் கையெழுத்து பாராட்டத்தக்கது. பொருள் பரிசீலனையில் உள்ளது.' பரிசீலனையின் முதல் கட்டமாக லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் வாரியத்து வளாகத்தில் நிறுத்தினார்கள். ஆய்வில் இருக்கும் வாகனம், யாரும் தொடக்கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள். அந்த 'யாரும்' என்பதில் பவுல்சாமியும் அடக்கம்.

ஆராய்வதற்கு ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. தாவரவியல் பேராசிரியர் மூன்று பேர், மண்ணியல் நிபுணர் ஒருவர், சட்டம் படித்தவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட் ஒருவர். மெக்கானிக் கிடையாது, மெக்கானிக்குகளுக்கு எஞ்சின் பற்றி முன்கூட்டியே அபிப்பிராயம் இருக்கும் என்பதால் சேர்க்கவில்லை. குழு ஐந்து முறை கூடியது. 'பழுது' என்ற சொல் எண்ணெயின் மேல் பழி சுமத்துவதாக இருக்கிறது, எனவே வண்டி 'ஓய்வுநிலையில்' உள்ளது என்றே குறிப்பிட வேண்டும் என்று ஐந்தாவது கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தது. பிறகு குழுவும் கலைந்தது.

பவுல்சாமி மறுபடி அடுத்தவர் லாரியை ஓட்டப் போனார். அக்பர் பாஷாவும் போனார். வாரன்ட்டியின் பதினெட்டு மாதமும் அக்டோபரில் தீர்ந்தது. கிரீஷ் வருத்தப்பட்டு ஒரு போன் செய்தான்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆனிக்கு இழுப்பு கண்டது. வழக்கமான இழுப்பு அல்ல. உதடு நீலம் பாய்ந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். பவுல்சாமி மெயின் ரோடு வரை நீந்தாத குறையாகப் போய்ப் பார்த்தார். தண்ணீருக்குள் இறங்க எந்த ஆட்டோக்காரரும் தயாராக இல்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது, அவரைப் பார்க்க வந்த அக்பர் பாஷா வாசலில் நனைந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் ஆனியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.

பக்கத்து வீடுகளிலிருந்து குடை பிடித்தார்கள். பிரசவத்துக்கு லாரியில் போன அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா போங்க. பாய் கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்தப்போவுது" என்றாள் ஆனி.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. மெயின் ரோட்டை எட்டியபோது நாற்காலி கனத்துவிட்டதை இரண்டு பேருமே உணர்ந்தார்கள். ஆனாலும் இறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இன்னும் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் வாரியத்திலிருந்து ஓர் ஊழியர் விழா அழைப்பிதழோடும் ஒரு கடிதத்தோடும் வந்தார். டெல்லிக் குழு வந்து, திட்டத்தில் சேர்ந்த பதினோரு வண்டிகளின் புகையையும் அளக்கப்போகிறது என்றார். பத்து வண்டிக்காரர்கள் பயந்துபோய் எப்போதோ சாதா டீசலுக்கு மாறியிருந்தார்கள். வாரியத்தின் கைவசம் பவுல்சாமியின் வண்டி ஒன்றுதான் மிச்சம். விழாவுக்கு முன்னால் உரிமையாளரே வந்து அதைக் கழுவித் துடைத்து வைக்கும்படி கடிதத்தில் எழுதியிருந்தது. மனைவியையும் அழைத்து வரவும் என்றிருந்தது.

அடுத்த மாதம் டெல்லிக் குழுவினர் வந்து, ஓடாமல் நின்றிருந்த லாரியின் புகைக்குழாயில் கருவியைச் செருகினார்கள். முள் அசையவில்லை. மறுபடி செருகினார்கள். அசையவில்லை. வண்டி நின்ற பிறகும் கிளார்க் தினமும் நிரப்பிவந்த பதினோரு மாதத்துப் பதிவேட்டையும் புரட்டினார்கள். ஒரு நாள்கூடப் புகை இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இப்படி ஓர் அளவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று குறிப்பு எழுதினார்.

வண்டியைத் துடைக்கும் அனுமதியோடு பவுல்சாமி நாலு ஞாயிற்றுக்கிழமை அடையாறு போனார். அக்பர் பாஷாவும் கூட வந்தார். துடைக்கும் துணியோடு அவர் பையில் ஸ்பேனரும் இருந்தது. புதுப்பேட்டையில் தேடிப்பிடித்த பம்ப், புது ரப்பர் குழாய்கள், ஒரு பேட்டரி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஞாயிறன்று டாங்கைக் கழுவி சாதா டீசல் ஊற்றினார்கள். வாட்ச்மேன் கேட்டதற்கு, உள்பக்கம் துடைக்கிறோம் என்றார் அக்பர் பாஷா. ஓடுமா என்று பவுல்சாமி கேட்டார். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டால் இவர்கள் விடமாட்டார்கள், ஆனால் ஓடும் என்றுதான் தோன்றுகிறது என்றார் அவர்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் வாரியத்து வளாகத்திலேயே விழா நடந்தது. லாரிக்கு மாலை போட்டிருந்தார்கள். பவுல்சாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் 'திருமதி' என்று சீட்டு ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. அக்பர் பாஷா அதில் உட்காரவில்லை, பின்னால் நின்றுகொண்டார்.

ஸ்ரீரங்கன் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"பதினோரு மாசம். இந்த வண்டி ஒரு துளி புகை விடலை. இந்த ஊர்ல ஒரு தாயாவது, ஒரு சகோதரியாவது இந்த வண்டியால இருமினாள்னு யாராவது சொல்ல முடியுமா? எத்தனை பெண்களோட மூச்சை இது காப்பாத்தியிருக்கு. அந்தக் கணக்கு நம்மகிட்ட இல்லை. அதுக்கு ஒரு குழு போடலாம்னு இருக்கோம்."

மேடையில் பவுல்சாமிக்கு விருது கொடுத்து ஒரு சால்வை போர்த்தினார். கையில் இன்னொரு சால்வை இருந்தது. மிஸஸ் வரவில்லையா என்று கேட்டார்.

பதினோரு மாதமாக அந்த அலுவலகத்தின் பாஷை பவுல்சாமிக்குப் பழகியிருந்தது. "அவங்க ஓய்வுநிலைல கீறாங்க சார்" என்றார்.

"பேஷ். நன்னா ரெஸ்ட் எடுத்துக்கட்டும்" என்று ஸ்ரீரங்கன் அந்தச் சால்வையையும் அவர் கையில் கொடுத்தார்.

பிறகு போட்டோ. உரிமையாளர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்புவதுபோல் ஒரு போஸ் வேண்டும் என்றார்கள். பவுல்சாமி ஏறி உட்கார்ந்தார். அக்பர் பாஷா அந்தப் பக்கக் கதவைத் திறந்து தானும் ஏறிக்கொண்டார். பவுல்சாமி சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு முறை செருமியது, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஒரு வருஷத்துக் கரியும் சேர்ந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பி மேடைமேல் படர்ந்தது. டெல்லிக்காரர்கள் இருமினார்கள். அணைக்கச் சொல்லி, ரீடிங் போய்விடும் என்று ஸ்ரீரங்கன் கையை ஆட்டிக் கத்தியது புகைக்குள்ளிருந்து கேட்டது. பவுல்சாமி கியரைப் போட்டார்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். கட்டி இழுத்துப் போகும் வண்டிக்குத்தான் பாஸ் வேண்டும். ஓடும் வண்டியை உரிமையாளர் ஓட்டிப்போக எந்தத் தடையும் விதியில் இல்லை. வாரியத்தின் எல்லாப் பதிவேடுகளிலும் அது ஓடும் வண்டிதான்.

விருது ரத்து என்றும், இரண்டு சால்வைகளையும் எட்டு நாளில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் அடுத்த வாரம் கடிதம் வந்தது. அது பிறகு. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி, கிரீன்வேஸ் ரோடு வழியாக வந்தார்கள். மந்தைவெளித் தெருமுனையில் அக்பர் பாஷா பவுல்சாமியின் கையைப் பார்த்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து, அந்த ஜூன் வெள்ளத்தைத் தவிர, பவுல்சாமி முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போவார். புகை தெருவுக்குள் வரக்கூடாது அவருக்கு.

அன்றைக்கு அவர் நிறுத்தவில்லை. தெருவுக்குள் திருப்பி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் சாத்த மறந்துபோன ஜன்னல் வழியாகப் புகை மெல்ல உள்ளே போயிற்று.

உள்ளே யாரும் இருமவில்லை.

பவுல்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்பர் பாஷாதான் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.